படத்தை நிறுத்தச் சொன்னவள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு குரலாகத்தான் கிடைத்தது. பாளையங்கோட்டை ஓவியக் காட்சியகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பழைய படங்கள் திரையிடுவார்கள். ஒருநாள் பாதிப் படத்தில் ஒரு பெண் எழுந்து, "நிப்பாட்டுங்க!" என்றாள். நான் கேட்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. அவளுக்குச் சாலோமி என்று பெயர் வைத்தேன், ஏரல்காரியாக்கினேன்.

2

"தாமிரபரணி அன்று பொன்னாய் உருகி..."

(வேண்டாம். ஏரலில் வளர்ந்தவளுக்கு ஆறு என்பது துணி துவைக்கிற இடம்.)

மறுபடியும். சாலோமிக்குப் பதினெட்டு வயதில் ஏரல் ஆற்றங்கரையில் படப்பிடிப்பு நடந்தது. குடம் சுமந்து நடக்கப் பெண்கள் வேண்டும் என்றார்கள். அவள் அப்பா ஜேசுதாசன் வேதக்கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார். சினிமாச் சுவரொட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனாலும் தோழி பொன்செல்வி கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாட்டி, நம்ம மொகத்த ஊரே பாக்கும்லா!"

சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பத் திரும்ப நடந்தார்கள். அப்படியொரு சாயங்காலம் பிறகு சாலோமிக்கு வாய்க்கவில்லை.

வீட்டில் அப்பா கேட்டார்: "ஆத்துல ஒனக்கு என்ன வேஷம்?" கேட்டுவிட்டு வேதப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். ஆனால் அவளுக்கு உயிரே போய்விட்டது. கூட நடந்தவர்கள் எல்லாம் அக்கரைப் பெண்கள். அவளைத் தெரிந்தவள் பொன்செல்வி ஒருத்திதான்.

"நீதான காட்டிக் குடுத்த? இனி என் மூஞ்சில முழிக்காத."

பொன்செல்வி அழுதாள், மறுத்தாள். சாலோமி நம்பவில்லை. பொன்செல்வி ஆழ்வார்குறிச்சிக்கு வாழ்க்கைப்பட்டபோது அவள் கல்யாணத்துக்கும் போகவில்லை. படத்தையும் பார்க்கவில்லை.

3

நாற்பது ஆண்டு கழித்து அந்தப் படம் காட்சியகத்துக்கு வந்தது. (பொன்செல்வியையும் இரண்டு வரிசை பின்னால் உட்காரவைத்து எழுதினேன். அடித்துவிட்டேன். வாழ்க்கை அத்தனை ஒத்தாசை செய்யாது.) சாலோமியின் பக்கத்தில் மகள் ஸ்டெபி மட்டும்.

திரையில் குடங்கள் வந்தன. பொன்செல்வி வந்தாள். அவளை ஒட்டி, ஒல்லியாய், சாலோமி. இருவரும் சிரித்தார்கள். பார்த்திருந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கேமரா மெல்ல நகர்ந்து வேடிக்கை பார்க்கிற கூட்டத்தைக் காட்டியது.

"நிப்பாட்டுங்க!"

படம் ஓட்டிய மெர்வின் பதறி நிறுத்தினான்.

"என்னம்மா?" என்றாள் ஸ்டெபி.

"அந்தக் குடைக்காரரப் பாருட்டி. ஒங்க தாத்தா."

ஜேசுதாசன் கூட்டத்தோடு கூட்டமாய் நின்று, மகள் நடந்துபோன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா சிரிக்காவம்மா."

"ஆமா. என்னையப் பாத்துத்தான் சிரிக்காவ. யாரும் சொல்லல, அவியளே வந்து பாத்திருக்காவ. நான் பொன்செல்வியப் போயி..."

4

ஒரு வரைவில் பொன்செல்வி இறந்துபோயிருந்தாள். எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்றில் இருவரும் கட்டிப்பிடித்து

(இதுவும் வேண்டாம்.)

ஸ்டெபி யார் யாரையோ கேட்டுப் பொன்செல்வியின் எண் வாங்கினாள். காட்சியக வராந்தாவில் நின்று சாலோமி போனைக் காதில் வைத்தாள்.

"ஆரு பேசுதது?" குரல் கரகரத்திருந்தது. ஆனால் அவளேதான்.

"நான்... ஏரல் சாலோமி."

அந்தப் பக்கம் எங்கோ குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"அன்னிக்கு நான் சொல்லலட்டி," என்றாள் பொன்செல்வி.

இதற்குச் சாலோமி என்ன பதில் சொல்ல வேண்டும்? எத்தனையோ எழுதிப் பார்த்தேன், ஒன்றும் போதவில்லை. உங்களிடம் ஒரு வாக்கியம் இருந்தால் கொடுங்கள். பொன்செல்வி இன்னும் போனை வைக்கவில்லை.