கடுகெண்ணெய் வாடை

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் காலை. அர்ஜுனனின் அக்கா நாகலக்ஷ்மி அடுப்படியிலிருந்து வந்து தம்பிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். தம்பி மனைவி தமயந்தியின் சாவுச் சேதி கேட்டு ஆற்காட்டிலிருந்து கல்கத்தாவுக்கு ரயிலேறி வந்தவள். வந்த நாளிலிருந்து வீட்டுச் சமையலும் சடங்கும் அவள் கையில்தான் இருந்தன.

"நாளைக்குப் படையல் போடணும். தமயந்திக்கு என்னா புடிக்கும், சொல்லுப்பா. அதைத்தான் செஞ்சு வைக்கணும்."

அர்ஜுனன் யோசிக்கவே இல்லை. வத்தக்குழம்பு, சேப்பங்கிழங்கு வறுவல், சேமியா பாயசம் என்று சொல்லிக்கொண்டே போனார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் உனக்குப் புடிச்சதுப்பா. கூடப் பொறந்தவ, எனக்குத் தெரியாதா? நான் அவளுக்குக் கேட்டேன்."

அர்ஜுனனின் மகன் தமிழரசன் குறுக்கே வந்து, அம்மாவுக்கு அதிரசம் என்றால் உயிர் என்று ஆரம்பித்தான். பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். தீபாவளிக்குத் தீபாவளி அம்மா அதிரசம் சுட்டு டப்பாவில் அடைத்து சால்ட் லேக்கிலுள்ள அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவாள். அவள் ஒன்றை எடுத்துக் கடித்து அவன் பார்த்ததே கிடையாது. பேத்தி மஹிமா, பாட்டி எப்போதும் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதானே சாப்பிடும், யாருக்குத் தெரியும் என்றாள். குழந்தை சாதாரணமாகத்தான் சொன்னது.

உண்மைதான். தமயந்தி தட்டெடுக்கும் நேரத்தில் அர்ஜுனன் டி.வி. முன்னால் இருப்பார்.

கல்யாணமான கையோடு கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தவள் தமயந்தி. அர்ஜுனனின் அம்மா பக்கவாதத்தில் விழுந்து வருஷக்கணக்கில் கிடந்தபோது, தூக்கி உட்காரவைத்து ஊட்டியது அவள்தான். பிள்ளை இன்ஜினியரிங் படிக்கப் போகிறவரை அவனுடைய பரீட்சைகளெல்லாம் அவளுக்கும் பரீட்சைகளாகவே இருந்தன. அர்ஜுனன் ஓய்வுபெற்று லேக் மார்க்கெட் பக்கம் சின்ன ஃபிளாட் வாங்கிக் குடிவந்ததும், இனிமேல் உனக்கும் ஓய்வுதான் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அடுத்த வருஷமே மஹிமா பிறந்தாள். அதிலிருந்து தமயந்தி கணவருக்குச் சமைத்து மூடிவைத்துவிட்டு பஸ் பிடித்து சால்ட் லேக் போவாள். மகனும் மருமகள் பூர்ணிமாவும் வேலை முடித்து வரும்வரை பேத்தியைப் பார்த்துக்கொள்வாள். இருட்டிய பிறகு வீடு திரும்பி அவருக்குச் சுடச்சுடத் தோசை வார்ப்பாள். முழங்கால் வலியைப் பற்றிக்கூடத் தைலம் தேய்க்கும்போதுதான் வாய் திறப்பாள். துர்கா பூஜை விடுமுறை முடிந்த வாரத்தில் மார் வலிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

அர்ஜுனன் பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். கடைக்காரர்களைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. காய்கறி விற்கிறவர் எழுந்து நின்று கும்பிட்டார். தமயந்தியை அவர் மாஷிமா, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவார். மாஷிமா சேப்பங்கிழங்கைப் பொறுக்கிப் பொறுக்கி எடுப்பார், உங்களுக்கு நார் இருந்தால் ஆகாதாம் என்றார். மருமகளுக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது என்பதும் பேத்திக்குப் பட்டாணி வேண்டும் என்பதும்கூட அவருக்குத் தெரிந்திருந்தது. மளிகைக்கடை ராம்கியோ, நல்லெண்ணெய் புதுச் சரக்கு வந்தால் முதல் டின் உங்கள் வீட்டுக்குத்தான் சார், அம்மா சொல்லிவைத்திருக்கிறார் என்றான். அவளுக்கென்று என்ன வாங்குவாள் என்று அர்ஜுனன் கேட்டார். ராம்கி அலமாரிகளை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, தெரியவில்லை சார் என்றான்.

வெறும் பையோடு திரும்பி வந்தவரைப் பூர்ணிமா வாசலிலேயே பார்த்துவிட்டாள். வங்காளிப் பெண். தமிழ் பேசக் கற்றுக்கொடுத்தது மாமியார். மாமனாரை மட்டும் வங்காளி வழக்கப்படி பாபா, அப்பா, என்றே கூப்பிடுவாள். உள்ளே வந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"பாபா, எனக்குத் தெரியும். அம்மா சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. அதான் காலைல பேசாம இருந்தேன்."

"சொல்லும்மா."

"ஆலு ஷெத்தோ. உருளைக்கிழங்கு வேகவச்சு, வெங்காயம், பச்சை மிளகா போட்டுப் பிசைஞ்சு, அதுல பச்சைக் கடுகெண்ணெய் ஊத்தி, சுடு சோத்தோட. நான் வீட்லேர்ந்து வேலை பாக்குற அன்னிக்கெல்லாம் ரெண்டு பேரும் பால்கனில உக்காந்து சாப்பிடுவோம். காரம் ஏறிக் கண்ல தண்ணி வரும், அம்மா சிரிச்சுக்கிட்டே சாப்பிடுவாங்க. பஸ்ஸுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி மட்டும் சோப்புப் போட்டுக் கைய நல்லாக் கழுவி, மோந்து பாத்துட்டுத்தான் போவாங்க."

அர்ஜுனன் தம்ளரைக் கீழே வைத்தார். ஏன் மறைத்தாள் என்று கேட்க வந்தவர் கேட்கவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

கல்யாணமான புதிது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வங்காளிப் பெண் சொல்லிக்கொடுத்தாள் என்று தமயந்தி ஒருநாள் கடுகெண்ணெயில் கத்தரிக்காய் வறுத்து வைத்திருந்தாள். ஆபீசிலிருந்து வந்தவர் வாசற்படியிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார். மனுஷன் தின்பானா இதை என்று தட்டைத் தள்ளினார். பாட்டிலில் மிச்சமிருந்த எண்ணெயைச் சாக்கடையில் கவிழ்த்தார். தமயந்தி சட்டியைப் புளிபோட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, தயிர் சோறு பிசையட்டுமா என்றுதான் கேட்டாள். அன்றிலிருந்து அந்த எண்ணெய் அவர் வீட்டுக்குள் வரவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம், கல்கத்தா போயும் என் வீட்டுச் சமையல் மாறவில்லை பார் என்று அவர் பெருமையடித்துக்கொள்வார். தமயந்தி பரிமாறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

"என்னைப் பத்திக் குறையாச் சொன்னாளா?"

"இல்ல பாபா. அவரு ஊரை விட்டு வந்தவரு, சாப்பாட்டுலயாவது ஊர் இருக்கட்டும்னு சொல்வாங்க."

அவளும் அதே ஊரை விட்டுத்தான் வந்தாள். அதை அவர் அந்த நேரம்வரை நினைத்துப் பார்த்ததில்லை.

மறுநாள் அவரே போய்க் கடுகெண்ணெய் வாங்கிவந்தார். உருளைக்கிழங்கைத் தன் கையாலேயே பிசைந்தார். எண்ணெய் வாடை வீடு முழுக்கப் பரவியதும் நாகலக்ஷ்மி முந்தானையால் மூக்கை மூடினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு இலையைக் கழுவப் போனாள். தமயந்தியின் படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டு, வத்தக்குழம்பு பாயசம் எதுவும் இல்லாமல், ஆவி பறக்கும் சோற்றோடு அதை மட்டும் படைத்தார்கள். தமிழரசன் அம்மாவின் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் சூடம் ஏற்றினான்.

பிறகு அந்த இலையின் முன்னால் அர்ஜுனன் உட்கார்ந்தார். முதல் கவளத்திலேயே வாடை மண்டைக்கு ஏறியது, கண் கலங்கியது. அவருக்கு அது பிடிக்கவில்லை. வேண்டாம் பாபா, வைத்துவிடுங்கள் என்று பூர்ணிமா சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டார்.

"நல்லா இருக்குன்னு பொய் சொல்ல மாட்டேம்மா. ஆனா அவ சாப்புடறப்ப நான் பக்கத்துல உக்காந்திருக்கலாம். அதுக்கு எனக்குப் புடிக்கணும்னு என்ன இருக்கு?"

மஹிமா வந்து தாத்தாவின் முதுகில் சாய்ந்துகொண்டாள். இலையில் கடைசிப் பருக்கையையும் வழித்து எடுத்த பிறகு அவர் மருமகளைப் பார்த்தார்.

"அவளுக்கு வேற என்னம்மா புடிக்கும்?"

பூர்ணிமா வெகுநேரம் யோசித்தாள். தனக்கு இது ஒன்றுதான் தெரியும் என்றாள். அர்ஜுனன் எச்சில் காய்ந்துகொண்டிருந்த கையோடு, மருமகளுக்கு இன்னும் ஏதாவது நினைவுக்கு வரக்கூடும் என்பதுபோல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.