மாடி டிவியில் ஒரு வாய்

வாயை மட்டும் படம்பிடிப்பது எவ்வளவு கூச்சமான வேலை என்பது, குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு போனைச் சோப்புப் பெட்டியின்மேல் சாய்த்து வைத்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. முகம் முழுக்கத் தெரிந்தாலாவது பவுடர் போட்டுச் சமாளிக்கலாம். வெறும் உதடும் பல்லும் நாக்குமாகத் திரையில் பார்க்கையில் வேறு யாருடைய வாயோ என்றிருந்தது. "தண்...ணி" என்றாள். "சா...ப்பா...டு" என்றாள். "வலி...க்கு...து" என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாகக் கிளம்பி வந்தன.

ஆஸ்பத்திரியில் அவள் கணவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லித்தான் இத்தனையும். "முன்பின் தெரியாதவங்க வாயைப் பார்த்துப் பேசறதவிட உங்க வாயைப் பார்த்தா அவருக்குச் சீக்கிரம் வரும்மா. மெதுவாச் சொல்லி எடுத்து, பெரிசாப் போட்டுக் காட்டுங்க" என்றிருந்தாள். பிறகு அவளை மட்டும் வராந்தாவுக்குக் கூட்டிவந்து, "முயற்சியே பண்ணாம இருக்காரு. இந்த மாசங்கள விட்டுட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம். எப்படியாவது வாயத் திறக்க வைங்க" என்றும் சொன்னாள். அந்த வாசகம் அன்றிலிருந்து அவளோடு பஸ்ஸில் வந்தது, தையல் கம்பெனியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தது. சட்டைகளைப் புரட்டி, விட்டுப்போன தையலைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. அந்த வாரம் பொத்தானே இல்லாத சட்டை ஒன்று அவள் கையைத் தாண்டிப் போய்விட்டது.

வாயைத் திறக்க வைக்க வேண்டிய ஆசாமியோ, வாயாலேயே பிழைத்தவர். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர், தெருவுக்கே மாஸ்டர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவர் போடும் சத்தத்தில், ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் மட்டுமில்லை, எதிரே வருகிறவர்களும் ஒழுங்காக ஓட்டினார்கள். பக்கவாதம் வந்து, கை ஓரளவு திரும்பிவிட்டது, வலது கால் கொஞ்சம் இழுக்கிறது. பேச்சுதான் வரவில்லை. சொல்வதெல்லாம் புரிகிறது, பதில் உள்ளே இருக்கிறது, வெளியே வரும் வழிதான் அடைத்துக்கொண்டது. ஆரம்பத்தில் முயன்று பார்த்தார். பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், அவர் "தெ... தெ..." என்று திணறியதைக் கேட்டு, பாவம் பார்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்துவிட்டார். அன்றோடு மாஸ்டர் வாயை மூடியவர்தான். சாப்பிட மட்டும் திறந்தார்.

போனில் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டார். சின்னத் திரை, கண்ணாடி போட்டாலும் சரியாகத் தெரியவில்லை என்பது ஒரு காரணம். இருக்கிற ரோஷம் மீதிக் காரணம். அதனால்தான் அவள் தெருமுக்கு மொபைல் கடைக்குப் போய், போனில் ஓடுவதை ஒயர் இல்லாமல் டிவிக்கு அனுப்பும் அடாப்டர் ஒன்றை வாங்கிவந்தாள். தீப்பெட்டியளவுதான் இருந்தது. கடைக்காரரே வந்து டிவியின் முதுகில் அதைச் செருகி, "போன்ல இதத் தொட்டா பேரு வரும், பேரத் தொட்டா படம் வரும், அவ்வளவுதான்க்கா" என்று, குழந்தைக்குச் சோறூட்டுகிற நிதானத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

மாலை வேலை முடிந்து வந்ததும், கணவரைச் சோபாவில் உட்காரவைத்து டிவியைப் போட்டாள். நீலத் திரையில், இணைப்புக்காகக் காத்திருக்கிறது என்று வந்தது. போனில் சொன்னபடி தொட்டாள். பெயர் வந்தது. ஒன்றல்ல, ஒரே பெயர் மேலும் கீழுமாக இரண்டு தரம். போனுக்கும் வயசாகிவிட்டது, எல்லாவற்றையும் இரண்டிரண்டாகப் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டு மேலே இருந்ததைத் தொட்டாள். எதையும் மேலிருந்து ஆரம்பிப்பதுதானே முறை. இணைந்துவிட்டது என்றது போன். டிவியோ அசையவில்லை, நீலமாகவே நின்றது. வீடியோவை ஓடவிட்டாள். அப்போதும் நீலம். கடைக்காரர் தன் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார் என்று முடிவுகட்டப் போன நேரத்தில், ஜன்னல் வழியாக, மாடியிலிருந்து ஒரு குரல் இறங்கியது.

"தண்...ணி."

அவள் குரல்தான். குளியலறையின் எதிரொலியோடு, தெருவே கேட்கும் சத்தத்தில். கணவர் தலையைத் தூக்கி உத்தரத்தைப் பார்த்தார். "சா...ப்பா...டு" என்றது உத்தரம். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதைத் தொட்டால் நிற்கும் என்று தெரியாமல் போனைத் தடவினாள், தட்டினாள், குப்புறக் கவிழ்த்தாள். அதற்குள் "வலிக்குது" முடிந்துவிட்டது. வீடியோ முடியவில்லை. வார்த்தைகளைச் சொன்னபின் போனை அணைக்க மறந்து, தன்பாட்டில் பேசியது அதில் இருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"எனக்கு பயமா இருக்குங்க," என்றது மாடி. "நீங்க இப்படியே இருந்துடுவீங்களோன்னு பயமா இருக்கு. வேலை முடிஞ்சு வந்து கதவத் திறக்கறேன், உள்ள ஒரு சத்தம் இல்ல. இந்த வீட்ல என் குரல மட்டும் நான் எத்தன நாள்தான் கேட்டுட்டு இருக்கறது?"

பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். குழாயைத் திறக்கும் சத்தம். அவள் கணவரைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. அவர் உத்தரத்தைப் பார்த்தபடியே இருந்தார். அப்படியே தரை பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ஏனென்றால், கேட்டது வேறு யாரும் இல்லை, மாடிக்காரி.

மாடிக்காரிக்கும் மாஸ்டருக்கும் பேச்சுவார்த்தை நின்று நாளாயிற்று. அவரிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தாள். ரவுண்டானா ஒன்றில் வண்டியை நடுவில் நிறுத்திவிட்டு அவள் விழித்தபோது, அவர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்திருக்கிறார். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. கதவைத் திறந்து இறங்கி, சாவியையும் எடுத்துக்கொண்டு, விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்துவிட்டாள். நாலு பக்கமும் ஹாரன் அடிக்க, சாவியில்லாத வண்டியில் மாஸ்டர். சாவி மறுநாள் கதவிடுக்கு வழியாக வந்தது. அதன்பின் இரண்டு வீட்டுக்கும் முகம் கொடுத்துப் பேசுவது கிடையாது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அவள் எட்டிப்பார்க்கவில்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு தட்டப்பட்டது. திறந்தால், பல் ஆஸ்பத்திரி நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் மாடிக்காரி நின்றாள்.

"அக்கா, காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஊரார் வாயத்தான் பாத்துட்டு இருக்கேன். வீட்டுக்கு வந்து டிவி போட்டா அதுலயும் ஒரு வாயா?"

அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். உதடு கோணி அழுகையாகப் போயிற்று. மாடிக்காரி அவள் கையைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு வந்தாள்.

"நானும் அதே கடைலதான் வாங்கினேன். பேர மாத்தவே மாட்டான் அந்த ஆளு. மேல இருந்தது என்னுது. என் டிவிய அணைச்சுட்டேன், இப்ப ஒண்ணுதான் வரும், போடுங்க." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "கடைசியில பேசினத வெட்டிட்டுப் போடுங்கக்கா" என்றாள்.

போட்டாள். டிவி நிறைய அவள் வாய் வந்தது. மாஸ்டர் ஒரு நொடி பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு மாடிக்காரி நிற்பதைப் பார்த்தார். அவ்வளவுதான், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மனைவியின் முன்னாலேயே திணற மாட்டாதவர், சாவியை எடுத்துக்கொண்டு போனவளுக்கு முன்னாலா திணறுவார்? போச்சு, எல்லாம் போச்சு என்று அவளுக்கு நெஞ்சு வெறுமையாயிற்று. வீடியோவை நிறுத்தினாள்.

மாடிக்காரிக்கு அது சுருக்கென்றிருக்க வேண்டும். கிளம்பிப் போயிருக்கலாம். ஆனால், உடம்பு சரியில்லாதவர் என்ற இரக்கத்தையும் மீறிப் பழைய கோபம் எட்டிப்பார்த்தது போலிருக்கிறது.

"மாஸ்டர், நான் இப்ப கார் ஓட்டறேன், தெரியும்ல? எனக்கு இந்த ஜென்மத்துல வராதுன்னீங்க. தெனம் ஆஸ்பத்திரிக்கு நானேதான் ஓட்டிட்டுப் போறேன். ஒரு ஸ்கூட்டர்காரன் சும்மா வந்து வம்பு பண்ணினான், அதுலேருந்து போன முன்னால மாட்டி எல்லாத்தையும் படம் எடுத்து வச்சுக்கறேன். பாக்கறீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் தன் போனை எடுத்துப் பெயரைத் தொட்டாள். டிவியில் வாய் போய்ச் சாலை வந்தது.

கார் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து பார்க்கிற சாலை. காலை வெயில், இருபுறமும் கடைகள், நடுவில் வெள்ளைக் கோடு. சோபாவுக்கு நேர் எதிரே, ஹாலின் சுவரையே உடைத்துக்கொண்டு அது நீண்டது. மாஸ்டர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். வேறெதற்குத் திரும்பாவிட்டாலும் சாலைக்குத் திரும்பாமல் அவரால் இருக்க முடியுமா?

"சிக்னல் போட்டேனா? கண்ணாடி பாத்தேனா?" என்று மாடிக்காரி பக்கத்தில் நின்று அளந்துகொண்டிருந்தாள். வண்டி வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. மாஸ்டரின் இடது கை தானாக எழுந்து காற்றில் ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் தள்ளியது. திருப்பத்தில் வேகம் குறையவில்லை. அவர் உச்சுக்கொட்டினார். முன்னால் ஒரு சரக்கு வேன் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே, மிக நெருக்கத்தில், மாடிக்காரியின் கார். வேன் திடீரென்று சிவப்பு விளக்கு எரிய நின்றது. வேனின் முதுகு டிவியை அடைத்துக்கொண்டு பெரிதாகப் பெரிதாக வந்தது.

மாஸ்டரின் வலது கால், இழுக்கிற அந்தக் கால், தரையை ஓங்கி மிதித்தது. உதடுகள் ஒட்டிக்கொண்டன, கன்னம் உப்பியது.

"ப்... பே... பேக்கு!"

"அதான் பிரேக் போட்டேனே மாஸ்டர்!" என்று மாடிக்காரி சீறினாள். "இடிச்சிதா? ஒரு இஞ்ச் முன்னாடியே நிறுத்திட்டேன், பாருங்க. அன்னிக்கும் இப்படித்தான் நான் போடறதுக்குள்ளயே கத்தி..."

கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சத்தம் போட்டது யார் என்று அவரே விசாரிப்பது போலிருந்தது அந்தப் பார்வை. பிறகு மோவாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும், ஊரைக் கூட்ட வேண்டும், ஆஸ்பத்திரிப் பெண்ணுக்குப் போன் செய்ய வேண்டும், எல்லாம் ஒரே சமயத்தில் தோன்றியது. ஒன்றையும் செய்யவில்லை. கூட்டம் கூடினால் மூடிக்கொண்டுவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

"அந்தப் போன இப்படிக் குடு" என்று மட்டும் சொன்னாள். வாங்கி, விரலால் வீடியோவைப் பின்னுக்கு இழுத்தாள்.

டிவியில் வேன் சிறுத்துத் தூரப் போயிற்று. சாலை மறுபடி திறந்துகொண்டது, வெள்ளைக் கோடு ஓட ஆரம்பித்தது. மாடிக்காரி சத்தமில்லாமல் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். மாஸ்டர் வலது காலைக் கையால் தூக்கி முன்னே நகர்த்தி வைத்துக்கொண்டார். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், வேன் கண்ணில் படுவதற்கு முன்பே உதடுகளை ஒட்டிவைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்.