கதவுக்குப் பின்னால்

"சுண்ணாம்பு வாசனை மூக்கைத் துளைக்குது. யாருக்கும்மா கல்யாணம்?" என்று கேட்டுக்கொண்டே இன்ஜினியர் உள்ளே வந்தார். பின்னால் இரும்பு டேப்புடன் அவன் வந்தான். நகரமைப்பு அலுவலகத்தில் அளவெடுப்பவன். அது அவன் தங்கையின் வீடு.

வெள்ளம் வடிந்த பிறகு வந்த விதி இதுதான்: சுவரில் தண்ணீர்க் கறை இடுப்புக்கு மேல் இருந்தால் மேட்டுப் பகுதி அடுக்குமாடியில் வீடு. இல்லாவிட்டால், அடுத்த மழைக்கும் இங்கேயேதான். தெருவே கறையைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இவள் மட்டும், ஆபீஸிலிருந்து ஆள் வரும்போது வீடு அசிங்கமாக இருக்கக் கூடாதென்று வெள்ளையடித்து வைத்திருந்தாள்.

"கறையே இல்லையேப்பா. என்னன்னு எழுத?"

"கழுத்து வரைக்கும் வந்துச்சு சார். இவளையும் கைக்குழந்தையையும் நான்தான் தூக்கிட்டுப் போனேன்."

"நீ சொன்னா ஆச்சா? சொந்தத் தங்கச்சி வேற. மேல கேட்டா நம்ம ரெண்டு பேரு வேலையும் போயிடும்."

தங்கை திறந்து கிடந்த கதவில் சாய்ந்து நின்றாள். கதவுக்குப் பின்னால் இருக்கும் சுவரை அவள் தொட்டிருக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். தங்கையின் மூத்த மகள் குட்டியைப் பிறந்தநாள்தோறும் அங்கே நிறுத்தி, இதே டேப்பால் அளந்து, பென்சிலால் கோடு போடுவான். அவள் எக்கி நிற்பாள். "மாமா, குதிகால் தரையிலதான் இருக்கு, பாரு!" என்று சத்தியம் செய்வாள். வெள்ளம் குட்டியைக் கொண்டுபோன பிறகு தங்கை அந்தக் கதவைச் சாத்தியதே இல்லை.

அவன் கதவைப் பார்க்காமல் டேப்பைச் சுருட்டினான். இன்ஜினியர் பேனாவை மூடினார்.

தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. தங்கை அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நகர்ந்து, கதவைச் சாத்தினாள். அறை இருண்டது.

"இங்க இருக்குண்ணா. இத மட்டும் அழிக்க மனசு வரல. அளந்துக்கோ."

இன்ஜினியர் செல்போன் விளக்கைப் பிடித்தார். அவன் டேப்பின் நுனியைத் தரையில் வைத்து மேலே இழுத்தான். முதல் பிறந்தநாளின் கோட்டைக் கடந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. கடைசிப் பென்சில் கோட்டுக்கு மேலே ஒரு சாண் வெறும் சுவர். அதற்கும் மேலே, பழுப்பாக, தண்ணீர் நின்ற இடம்.

"எவ்வளவுப்பா?" இன்ஜினியரின் குரல் இறங்கியிருந்தது.

அவன் அந்த ஒரு சாண் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். குட்டி எக்கி நின்றிருந்தாலும் எட்டியிருக்காது. கறையின்மேல் டேப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தான்.