பெரியம்மாளைப் போகச் சொன்னது

மருத்துவச்சி பெரியம்மாளைப் புதைத்த அன்று செந்தாமரை ஒரு தப்புச் செய்தாள். யார் புறப்பட்டாலும் "போய்ட்டு வாங்க" என்று சொல்லிப் பழகிய வாய். கடைசிப் பிடி மண்ணைப் போடும்போது அழுகையோடு அழுகையாக அதையும் சொல்லிவிட்டாள். சாவு வீட்டுக்கு வந்தவர்களே சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்புவார்கள். இவள் செத்தவளையே வரச் சொல்லிவிட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் பெரியம்மாள் வந்து நின்றாள். தலையெல்லாம் செம்மண். வாய்க்கரிசியைத் துப்பிவிட்டுத்தான் பேசினாள்.

"இன்னாடி இப்டி பண்ட்ட? நிம்மதியா படுத்திருந்தேன். வான்னு கூப்ட்டப்புறம் வராம இருந்தா நல்லாவா இருக்கும்?"

செந்தாமரைக்குப் பயத்தைவிட ஆறுதல்தான் அதிகம். அவளுக்கு நிறைமாதம். முந்தின இரண்டு பிள்ளைகளும் அழாமலே போய்விட்டன. தாயையாவது உயிரோடு மீட்டுக் கொடுத்தவள் பெரியம்மாள். "மூணாவது தங்கும், நான் கீறேன்" என்று சொல்லியிருந்தவள் திடீரென்று காய்ச்சலில் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் பிடிக்க வேண்டுமென்றால் புதூர்நாட்டுக்கு அரை நாள் நடக்க வேண்டும்.

ஊர்க் கவுண்டர் கண்ணாயிரம் ஆட்களோடு வந்து தள்ளியே நின்றார்.

"யாரு கூப்ட்டாங்களோ அவங்கதாம்மா அனுப்பணும். மொகத்தப் பாத்து 'போங்க'ன்னு சொல்லு. பின்னாடி 'வாங்க' சேக்காத."

பெரியவர்களைப் பார்த்து வெறுமனே 'போங்க' என்று அந்த மலையில் யாரும் சொன்னதில்லை.

"பிரசவம் ஆயிடட்டும் மாமா," என்றாள் செந்தாமரை, தலையைத் தூக்காமல்.

"பொணத்த வெச்சிக்கினா பிரசவம் பாப்ப?"

"டேய் கண்ணாயிரம்," உள்ளேயிருந்து பெரியம்மாளின் குரல் வந்தது. "உன்னிய வெளிய இழுத்த கை இதான். அப்ப நீ இருந்த கோலம் இன்னா, இப்ப பேசற பேச்சு இன்னா."

கண்ணாயிரம் துண்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

பெரியம்மாள் எட்டு நாள் இருந்தாள். எறும்பு வராமலிருக்க அவளைச் சுற்றிச் சாம்பல் தூவ வேண்டியிருந்தது. நாய்கள் அந்தப் பக்கமே வருவதில்லை. ஒருநாள் சாமை புடைக்கும்போது சுண்டுவிரல் முறத்தில் விழுந்தது. எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கட்டவெரலு கீது. புள்ள வாங்க அது போதும்."

ஒன்பதாம் நாள் உச்சி வெயிலில் வலி எடுத்தது. கொதிக்கிற வயிற்றின்மேல் பெரியம்மாளின் கை சுனைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பைப் பிடித்துக்கொண்டேதான் செந்தாமரை கரையேறினாள். பிள்ளை கழுத்தில் கொடி சுற்றி நீலமாக வந்தது. அழவில்லை.

பெரியம்மாள் கொடியை விலக்கி, பிள்ளையை முகத்தருகே தூக்கினாள்.

"நான் அங்க பாத்துட்டு வந்தவ. அங்க ஒண்ணும் இல்ல. இங்கியே இரு."

முதுகில் இரண்டு தட்டு. பிள்ளை வீறிட்டது.

பெரியம்மாள் சுவரில் சாய்ந்தாள். "இப்ப சொல்லுடி. இடுப்பு நிக்கல."

செந்தாமரைக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. "அத்தே, நீங்க..." என்று தொடங்கி நிறுத்தினாள். எதைச் சொன்னாலும் கடைசியில் 'வாங்க' வந்துவிடுமோ என்று பயம். பிள்ளையை அணைத்தபடி அவள் காலைத் தொட்டாள். கையில் மண் ஒட்டியது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

"போங்க."

"மரியாத தெரியாத பொண்ணு," என்றாள் பெரியம்மாள். முகமெல்லாம் சிரிப்பு. சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல், குழியை நோக்கி நடந்தாள். வெளியே காத்திருந்த கண்ணாயிரம் மண்வெட்டியோடு இரண்டடி பின்னால் அடக்கமாகப் போனார்.

செந்தாமரை வாசல்வரைக்கும் போகவில்லை. பிள்ளை பாலுக்கு வாயைத் திறந்து திறந்து மூடியது. அது இழுத்த இழுப்பில் அவளுக்கு வலித்தது. வலிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.