ஒரு நாளும் தவறாத பதிவேடு

பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை நல்லவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். நன்றாகப் பாடம் நடத்தியவர் ஒருவர், நன்றாக ஆராய்ச்சி செய்தவர் ஒருவர், நன்றாக வேலை பார்த்த ஊழியர் ஒருவர் என்று மூன்றே பேர். மிச்சமிருக்கும் அறுநூற்றுச் சொச்சம் பேரும் கீழே உட்கார்ந்து கை தட்ட வேண்டும். இந்த ஆண்டின் ஊழியர் விருது உயிர்வேதியியல் துறையின் லேப் டெக்னீஷியனுக்கு என்று சுற்றறிக்கை வந்த அன்று, அந்த அம்மாள் செய்த முதல் காரியம் கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டதுதான். வெளியே மாணவர்கள் பாராட்டுவதற்காகக் காத்து நின்றார்கள். உள்ளே அவள் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் வாந்தி எடுத்தாள்.

துறையில் அவளை எல்லோரும் ஐஸ் அக்கா என்பார்கள். பின்பக்க அறையில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஃப்ரீசர்கள் உண்டு. உள்ளே மைனஸ் எண்பது டிகிரி, வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். சிறுநீரக நோயாளிகளிடமிருந்து எடுத்த ரத்தம் இடது ஃப்ரீசரில், நோய் இல்லாதவர்களின் ரத்தம் வலது ஃப்ரீசரில். இரண்டும் கலந்துவிடக் கூடாது என்று அப்படிப் பிரித்து வைக்கச் சொன்னவர், அந்த ரத்தத்தை வைத்து ஆராய்ச்சி செய்யும் பேராசிரியை. காலையும் மாலையும் வெப்பநிலையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது ஐஸ் அக்காவின் வேலை. சனி, ஞாயிறிலும் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

ஃப்ரீசரில் ஒரு அலாரம் இருந்தது. மாணவர்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ரத்தம் அடைத்த சோதனைக் குழாயைத் தேடினால் கத்தும், மின்சாரம் ஒரு நொடி கண் சிமிட்டினாலும் கத்தும். தொட்டதற்கெல்லாம் கத்துகிறவர்களின் பேச்சை யார்தான் காதில் போட்டுக்கொள்கிறார்கள்? ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை மாலை இடது ஃப்ரீசர் கத்தியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவள் சத்தத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள், கதவை இடுப்பால் ஒரு இடி இடித்தாள், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சனி, ஞாயிறு வீட்டில் விருந்தாளிகள். அதனால் வரவில்லை.

திங்கட்கிழமை காலை பார்த்தால், கதவோரத்தில் பனி கட்டி, கதவு விரல் அகலத்துக்குத் திறந்து கிடந்தது. வெப்பநிலை ப்ளஸ் ஏழு. ஒரு குழாயை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே இருந்தது ஆடியது. கல்லாக உறைந்திருக்க வேண்டியது ஆடக் கூடாது. பிறகு பனியைச் சுரண்டிவிட்டுக் கதவை இறுக்கி மூடினாள். மாலைக்குள் எல்லாம் மறுபடி உறைந்து, பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றுமே நடக்காதது போல ஆகிவிட்டது. பதிவேட்டில் நான்கு நாளுக்கும் மைனஸ் எண்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மற்ற நாட்களைவிட அன்று கையெழுத்து அழகாக விழுந்திருந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, பேராசிரியை துறையையே கூப்பிட்டு வைத்து ஒரு கண்டுபிடிப்பை அறிவித்தார். சிறுநீரகம் கெட ஆரம்பித்தவர்களின் ரத்தத்தில் ஒரு புரதம் பாதியாகக் குறைந்துவிடுகிறதாம். ஒரு சொட்டு ரத்தம் போதும், நோயை முதலிலேயே பிடித்துவிடலாமாம். எல்லோரும் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் நின்ற ஐஸ் அக்கா தட்டுவதைப் பாதியில் நிறுத்தினாள். கரைந்த ரத்தத்தில் புரதம் கெடும் என்று தெரிந்துகொள்ள முனைவர் பட்டம் வேண்டியதில்லை. கெட்டது இடது ஃப்ரீசர் மட்டும். அதாவது நோயாளிகளின் ரத்தம் மட்டும். பாதியாக்கியது நோய் இல்லை, அவள்.

அன்றே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். நாளை என்பது மூன்று ஆண்டுகளாக வந்துகொண்டே இருந்தது. அதற்குள் அந்தப் பரிசோதனை பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்கு முன்னோட்டமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. வருகிற மாதம் முதல் தேதியிலிருந்து நகரத்தின் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் அதுதான். ஆராய்ச்சிக்கான விருது பேராசிரியைக்கு, சேவைக்கான விருது ஐஸ் அக்காவுக்கு. ஒரே துறைக்கு ஒரே மேடையில் இரண்டு விருது இதுவரை கிடைத்ததில்லை என்று எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை.

விழா நாள் காலையில் அவளை நடுக்கூடத்தில் நிற்க வைத்து, நாத்தனார் புது உடைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். கணவனின் அக்கா. தனிக்கட்டை, இவர்களோடுதான் இருக்கிறாள், முன்னறையில் தையல் கடை. வாயில் நான்கு குண்டூசியை வைத்துக்கொண்டும் அவளால் தங்குதடையில்லாமல் பேச முடியும்.

"நிமிந்து நில்லு. விருது வாங்கப் போறவ இப்படியா கூனிக்கிட்டு நிப்பா?"

ஐஸ் அக்கா நிமிரவில்லை. குனிந்து நாத்தனாரின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணுக்கால் எலும்பே தெரியாமல் வீங்கிப் பளபளத்தது.

"அண்ணி, கால் ஏன் இப்படி இருக்கு?"

"நாள் பூரா மிஷின் மிதிக்கிறேன், வீங்காம என்ன செய்யும்? காலையில எழுந்தா மூஞ்சியும் உப்பிக்குது. உன் வீட்டுக்காரன் என்னை பலூன்னு கூப்பிடறான்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"போன வாரமே காட்டியாச்சு. உங்க ஆஸ்பத்திரிதான். அந்தச் சின்ன டாக்டர் கிட்னியா இருக்குமோன்னு இழுத்தார். அப்புறம் விரல்ல குத்தி ஒரு டெஸ்ட் எடுத்தாங்க. உங்க மேடம் கண்டுபிடிச்சதாமே அது? நூத்துக்கு எண்பத்திரெண்டு. பள்ளிக்கூடத்துலகூட நான் அவ்வளவு மார்க் வாங்கினதில்லை. கிட்னி ஜம்முன்னு இருக்கு, உப்பை மட்டும் குறைங்கன்னு அனுப்பிட்டார்."

"வேற டெஸ்ட் எதுவும் எடுக்கலையா?"

"இதுவே போதுமாம். பழசெல்லாம் இனிமே தேவையில்லையாம்."

ஐஸ் அக்காவுக்குத் தெரியும், கிட்னி கெட்டிருந்தாலும் அந்த டெஸ்ட்டில் நல்ல மார்க்தான் வரும். இத்தனை நாளும் அவள் பயந்தது தனக்காக. வேலை போகும், பேர் போகும், துறையில் தலைகாட்ட முடியாது என்ற பயம். அந்தப் பயத்தோடு சாப்பிடவும் தூங்கவும் பழகியிருந்தாள். இது வேறு பயம். மண்டியிட்டு உட்கார்ந்து அவள் உடையில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தது.

"அண்ணி, எதுக்கும் வேற இடத்துல ஒருதடவை பார்த்துடலாமா?"

"ஏன்? உங்க மேடம் மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் எல்லாம் வெளியே வரும். "சும்மாதான் கேட்டேன்" என்றாள் ஐஸ் அக்கா. கோழை என்றால் கோழைதான், அதற்கு வேறு பெயர் கிடையாது.

ஆனாலும் உள்ளே ஏதோ அறுந்துவிட்டது. விழா மூன்று மணிக்கு. இரண்டே காலுக்கே போய், மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் பேராசிரியையைப் பிடித்துவிட்டாள். அவர் கண்ணாடி முன் உட்கார்ந்து, பேச வேண்டியதைத் தாளில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அஞ்சு வருஷத்துக்கு முன்னால இடது ஃப்ரீசர் கரைஞ்சு போச்சு. வெள்ளியிலேருந்து திங்கள் வரைக்கும் கதவு திறந்து கிடந்துது. நான் ரிஜிஸ்டர்ல பொய்யா எழுதிட்டேன். நோயாளிங்க ரத்தம் மட்டும்தான் கெட்டுது மேடம்."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். பேராசிரியை தாளை மடித்தார், எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா அக்கா?"

"இல்லை மேடம்."

"நல்லது."

திட்டுவார், அழுவார், விழாவை நிறுத்தச் சொல்வார் என்றெல்லாம் ஐஸ் அக்கா வழிநெடுக மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தாள். நல்லது என்ற வார்த்தைக்கு அவள் தயாராக வரவில்லை.

"போன வருஷம் புதுசா ரத்தம் வாங்கி நானே திரும்பச் செஞ்சு பார்த்தேன்" என்றார் பேராசிரியை. "நோயாளிங்க ரத்தத்துக்கும் மத்தவங்க ரத்தத்துக்கும் வித்தியாசமே வரலை. மூணு தடவை செஞ்சேன். ஃப்ரீசர்ல என்னவோ நடந்திருக்கணும்னு அப்பவே புரிஞ்சுது."

"தெரிஞ்சுமா மேடம்..."

"உங்க பேரை விருதுக்கு எழுதிக் கொடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க? ஒரு நாள்கூடத் தவறாத பதிவேடுன்னு துணைவேந்தர் முன்னால வாசிச்சுட்டா, அப்புறம் அதை யாரும் தோண்ட மாட்டாங்க. உங்களுக்கும் பிரச்சினை இல்லை, எனக்கும் இல்லை."

"என் நாத்தனாருக்கு அந்த டெஸ்ட்தான் எடுத்திருக்காங்க. கால் வீங்கியிருக்கு."

பேராசிரியை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை ஈரமாகவும் குளிர்ந்தும் இருந்தது. அப்போதுதான் ஐஸ் அக்காவுக்குத் தெரிந்தது, அவரும் நடுங்கிக்கொண்டிருந்தார். தைரியம் சொல்ல வேண்டியவரே நடுங்கினால் பயம் இரட்டிப்பாகுமே தவிரக் குறையாது.

"கால் வீங்கினவங்களுக்கெல்லாம் கிட்னியா போயிடுது? முதல் தேதி தாண்டட்டும். மெதுவா, யாருக்கும் தெரியாம நானே சரி பண்ணிடறேன். நானும் ஒழுங்காத் தூங்கி ஒரு வருஷம் ஆச்சு அக்கா." கையை விடுவதற்கு முன், அதே குரலில், "உங்களுக்கு ரிடையர் ஆக இன்னும் நாலு வருஷம் இருக்கு இல்லையா?" என்று கேட்டார்.

அவள் வெளியே வந்தாள். யாரோ அவள் உடையில் ஒரு பேர் அட்டையைக் குத்திவிட்டு, மேடையில் கடைசி நாற்காலியைக் காட்டினார்கள். அரங்கம் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் கணவன் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தான். கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பவன். தினம் இரண்டு பேராவது அவனைச் சுவரில் மோதப் பார்ப்பார்கள், எதற்கும் பதறாதவன். இன்று அவன் கைகூட ஆடியது, சந்தோஷத்தில். பக்கத்தில் நாத்தனார், செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களைக் குளிர்ந்த தரையில் பரப்பி உட்கார்ந்திருந்தாள்.

முதல் விருது ஒரு கணித ஆசிரியருக்கு. அவர் தன் மாணவர்களுக்கு நன்றி சொன்னார். இரண்டாவது பேராசிரியைக்கு. அவர் மைக்கின் முன் நின்று, இந்த விருதில் பாதி எங்கள் ஐஸ் அக்காவுக்குச் சேரும் என்றார். கை தட்டல் கூரையைப் பிளந்தது. ஐஸ் அக்காவுக்கு அது தன் கழுத்தில் விழுகிற முடிச்சாகத் தெரிந்தது.

பிறகு அவள் பேர். பதினெட்டு ஆண்டுகள், ஒரு நாளும் தவறாத பதிவேடு, ஒருமுறையும் உயராத வெப்பநிலை என்று தொகுப்பாளர் நீட்டி முழக்கி வாசித்தார். துணைவேந்தர் கேடயத்தைக் கொடுத்தார், புகைப்படக்காரர் இங்கே பாருங்கள் என்றார். ஊழியர்களைப் பேசச் சொல்கிற வழக்கம் இல்லை. வாங்கிக்கொண்டு இடது பக்கப் படியில் இறங்கிப் போய்விட வேண்டும். அவ்வளவுதான், ஆறு படி.

அவள் படியைப் பார்த்தாள். படிக்கு நேராக மூன்றாவது வரிசையில், எழுந்து நின்று தட்டுவதற்காக நாத்தனார் முன்நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எம்பினாள். முடியவில்லை. தம்பி தோளைப் பிடித்து மறுபடி எம்பினாள், மறுபடி உட்கார்ந்துவிட்டாள். தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் முகம் கண் இடுங்கும் அளவுக்கு ஊதிப்போய்த் தெரிந்தது.

ஐஸ் அக்கா படிப்பக்கம் போகாமல் மைக் பக்கம் திரும்பினாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்துத் தொகுப்பாளர் சிரித்தபடி ஒதுங்கினார். பின்னாலிருந்து பேராசிரியை தாழ்ந்த குரலில், "அக்கா, வேண்டாம்" என்றார். கேடயம் வழுக்கியது. அதைக் கீழே வைத்தாள்.

"அண்ணி" என்றாள். ஒலிபெருக்கியில் வந்த தன் குரலே அவளைத் தூக்கிவாரிப் போட்டது. அரங்கில் சிலர் சிரித்தார்கள். "அண்ணி, அந்த டெஸ்ட் தப்பு. உங்க ரிப்போர்ட்டை நம்பாதீங்க. ஃப்ரீசரைக் கரையவிட்டது நான், ரிஜிஸ்டர்ல பொய் எழுதினதும் நான். இங்க யார் வீட்டுல அந்த டெஸ்ட் எடுத்திருந்தாலும் நம்பாதீங்க. இப்பவே எழுந்து போய் பழைய டெஸ்ட்டை எடுங்க."

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். யாரோ மைக்கை அணைத்தார்கள். கணவன் கைபேசியை இறக்க மறந்து அப்படியே நின்றான். நாத்தனார் தட்டிக்கொண்டிருந்த கைகளை மடியில் வைத்தாள். பிறகு மெல்லக் குனிந்து, தன் கால்களைப் பார்த்தாள்.