சாம்பல் சட்டை

இடுப்பில் ஆணி இறங்கியதுபோல் வலித்தது. யாரும் பார்க்காதபடி மாமா குடோன் சுவரில் சாய்ந்துகொண்டார். கூடவே மூட்டை தூக்கும் மைத்துனன் 'மாமா' என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுக் கடை முழுக்க அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

ஒரே மளிகைக் கடையாக இருந்தபோது நீலச் சட்டை போட்டார். முதலாளியின் மகன் ஊருக்கு ஊர் கிளை திறந்தபோது பச்சை. அகலக்கால் வைத்து மகன் நொடித்துப்போனான். எல்லாக் கிளைகளையும் வெளியூர்க் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. இனிச் சாம்பல். மூட்டையை மேல் தட்டுக்கு ஏற்றிக் காட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் அந்தச் சட்டை. மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

"ஏன் மாமா விளக்கெண்ணெய் குடிச்ச மூஞ்சியா நிக்கறீங்க?" என்றான் மைத்துனன். ஒரு வாரமாக மாமாவின் பங்கையும் அவன்தான் தூக்குகிறான்.

"இடுப்பு விஷயம் உங்க அக்காவுக்குத் தெரியுமாடா?"

"தெரிஞ்சா எனக்குல்ல அடி விழும்!"

புது மேனேஜர் வந்தார். "முன்னால இருக்கற மூட்டையிலேருந்து வரிசையா எடுங்க. யார் முதல்ல?"

முன்னால் இருந்தது சர்க்கரை மூட்டை. அதன் பின்னால் காய்ந்த மிளகாய். பருமன் ஒன்றுதான், கனம் பாதிகூட இராது. மாமா சர்க்கரையில் கை வைத்தார். மைத்துனன் தோளால் அவரை இடித்து நகர்த்தினான்.

"தள்ளுங்க பெரியவரே, பசிக்குது. சீக்கிரம் முடிச்சிட்டுச் சாப்பிடப் போகணும்."

ஏணியில் பாதி ஏறியதும் அவன் முழங்கால் நடுங்கியது. மடங்கியது. மூட்டை கீழே விழுந்து வாய் பிளந்தது. சர்க்கரை மேனேஜரின் ஷூ வரை ஓடியது.

"நீ போகலாம்."

"சார், அவன் ஒரு வாரமா என்னோட..." என்று மாமா ஆரம்பித்தார்.

"அவன் கதை எதுக்கு? உங்களுக்கு வேலை வேணுமா, வேணாமா?"

வீட்டில் மாமாவின் சம்பளத்தை நம்பி ஐந்து வயிறுகள்.

"வேணும் சார்."

மிளகாய் மூட்டையைத் தூக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். இறங்கியதும் கையில் சட்டையைத் திணித்தார்கள்.

வாசலில் மைத்துனன் கால்சட்டை மடிப்பை உதறிக்கொண்டிருந்தான்.

"எனக்குச் சர்க்கரை ஒத்துக்கல மாமா. அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க உளறி வைக்காதீங்க."

சிரித்தான். நொண்டியபடி தெருவில் இறங்கினான். மாமா பச்சைச் சட்டையைக் கழற்றிச் சாம்பலை மாட்டினார்.

மைத்துனனுக்கு அவர் ஒரு வேலை கடன்பட்டிருந்தார்.