கோரைப்புல்லில் வந்த எட்டுக் கடிதங்கள்

முதஸ்ஸிர் சாயபு இறந்து ஒன்பது வருஷமாகியும் எழுதுவதை நிறுத்தவில்லை. நெல்லிவாசல்நாட்டில் அவர் வீட்டுத் தோட்டத்தில், மேற்கு ஜன்னலுக்குக் கீழே, வருஷாவருஷம் முதல் மழைக்கு மறுநாள் தொடங்கி கோரைப்புல் அவர் கையெழுத்திலேயே முளைத்தது. அதைக் கண்ட ஒரே ஆள் களை எடுக்கும் ராஜேஸ்வரி. அவளுக்கோ எழுத்துத் தெரியாது.

சாயபு வாணியம்பாடியிலிருந்து வந்து மலையில் வீடு கட்டிக் கதை எழுதியவர். மற்ற நேரத்தில் மலை ஜனங்கள் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதிக் கொடுப்பார். அவருக்குப் பின் வீடு அருங்காட்சியகமாயிற்று. கடிதங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் போயின. பத்து மணி ஜீப்பில் பார்வையாளர்கள் வந்து இறங்குவதற்குள் தோட்டத்தில் ஒரு களை இருக்கக்கூடாது என்பது காவலாளி சேட்டு போட்ட சட்டம். சேட்டும் அதே ஜீப்பில்தான் வருவார். விடிந்ததும் ராஜேஸ்வரி குந்தி உட்கார்ந்து கோரையை வேரோடு பிடுங்கித் தன் மாட்டுக்குப் போடுவாள். பிடுங்கப் பிடுங்க, எட்டு வருஷத்துக்கு முன் குடகுக் காப்பித் தோட்டத்துக்குப் போன புருஷன் தீர்த்தகிரியைத் திட்டுவாள், பாவி ஒரு வரி போட்டானா என்று.

கைநாட்டு வைத்து அலுத்துப்போய் நாற்பத்தாறு வயதில் சாயங்கால வகுப்பில் சேர்ந்தாள். கூட்டிப் பெருக்கிய கையோடு கண்ணாடிப் பெட்டிக் கடிதங்களை எழுத்துக்கூட்டிப் பழகியதில் சாயபின் கையெழுத்து பிடிபட்டது. போன ஆனியில் முதல் மழைக்கு மறுநாள், களைக்கொத்தை ஓங்கியவள் ஓங்கியபடியே உறைந்துபோனாள். புல்லில் அவள் பெயர் இருந்தது. ராஜேஸ்வரிக்கு, தீர்த்தகிரி சொல்லி எழுதுவது. நலம், நலமறிய ஆவல். இது எட்டாவது கடிதம். இதற்கும் பதில் இல்லையென்றால் நான் உனக்கு வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சேட்டு வந்ததும் கூட்டி வந்து புல்லைக் காட்டினாள். மற்ற ஏழும் எங்கே என்று கேட்டாள். சேட்டு புல்லை ஒருமுறை படித்தார்; மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிடுங்கிய களையெல்லாம் எங்கே போனது என்பது அவருக்குத் தெரியும்.

"இன்னா ராஜேஸ்வரி, ஏழு கடுதாசியையும் மாடா துன்னுச்சி?"

அவள் அங்கேயே குந்தினாள். ஈர மண்ணில் களைக்கொத்தால், உயிரோட இருக்கேன், வூட்டுக்கு வா என்று கீறி, கீறலில் சாமை விதைத்தாள். ஆறாம் நாள் முளைத்தது.

கதிர் வருவதற்குள் ஒருநாள் பத்து மணி ஜீப்பிலிருந்து தலை நரைத்த தீர்த்தகிரி இறங்கினான். ஏன் இத்தனை வருஷம் பதிலே போடவில்லை என்றுதான் முதலில் கேட்டான்.

"களைன்னு நெனச்சிட்டேன்" என்றாள்.

அது அவனுக்கு நியாயமாகவே பட்டது. இப்போது கேட் ஆறு மணிக்கே திறக்கிறது. மலை ஜனங்கள் வந்து தங்களுக்கு முளைத்ததை ராஜேஸ்வரி வாசிக்கக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பிறகுதான் அவளும் தீர்த்தகிரியும் களைக்கொத்தை எடுக்கிறார்கள். பத்து மணிக்குள் தோட்டம் சுத்தமாகிவிடுகிறது.